பதிமூன்றரைக் கிலோ கட்லா

1

கனடாவில் நாங்கள் இருக்கும் சிற்றூரில் தூண்டில் சாமான் விற்கும் கடை ஒன்று உண்டு. முள், நரம்பு, தக்கை, டப்பாவில் உயிரோடு நெளியும் புழு எல்லாம் கிடைக்கும். கல்லாவுக்குப் பின்னால் ஒரு பலகை. பெரிய மீன் பிடித்தவர்கள் மீனும் கையுமாக நிற்கிற படங்களை அதில் குத்தி வைத்திருப்பார் கடைக்காரர். போன வாரம் என் படமும் அதில் ஏறியது. நடுவில் ஒரு கட்லா. இந்தப் பக்கம் முக்காடு நழுவிய நான். அந்தப் பக்கம் இடுப்புவரை சேறாக என் தம்பி ஜாபர். படம் எடுத்தது என் மகள் சமீனா, அதனால் எங்கள் இருவருக்கும் நெற்றிக்கு மேலே ஒன்றும் இல்லை. மீன் மட்டும் வால்வரை விழுந்திருக்கிறது.

"எந்த ஏரி?" என்று கேட்டார் கடைக்காரர்.

"சூலூர்" என்றேன்.

"வடக்கே இருக்கிறதா?"

"கொஞ்சம் கிழக்கே" என்று சொல்லி வைத்தேன். எடையை மட்டும் ஒரு சீட்டில் எழுதிப் படத்துக்குக் கீழே ஒட்டிக்கொண்டார். அவருக்கு அவ்வளவு போதும். சூலூர் எங்கே இருக்கிறது என்று தெரிந்த உங்களுக்குத்தான் மீதியைச் சொல்ல வேண்டும்.

நான் தூண்டில் பிடித்தது இங்கே வந்த பிறகுதான். கோட்டைமேட்டில் பிறந்து வளர்ந்த பெண்ணுக்கு உக்கடம் குளம் கூப்பிடு தூரத்தில் இருந்தாலும் கரையில் போய் உட்காரும் வழக்கமெல்லாம் கிடையாது. இங்கே வந்த முதல் இரண்டு குளிர்காலம் சுவரைப் பார்த்துக்கொண்டே கழிந்தது. என் கணவர் இஸ்மாயில் லேத் ஓட்டுகிற பட்டறையில் கூட வேலை செய்யும் ஒருவர், பனி உருகியதும் எங்களை ஏரிக்குக் கூட்டிப்போனார். ஆண்கள் இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். சும்மா இருந்த தூண்டிலை நான் எடுத்துப் போட்டேன். அன்றைக்கு ஆரம்பித்தது. இப்போது ஞாயிற்றுக்கிழமை என்றால் டிபன் டப்பாவும் மடக்கு நாற்காலியுமாக முதலில் வண்டியில் ஏறுகிறவள் நான். ஏரிக்கரையில் யாரும் என்னிடம் ஆங்கிலத்தில் தப்புக் கண்டுபிடிப்பதில்லை. மீன் பிடிக்கிற இடத்தில் யாரும் அதிகம் பேசுவதே இல்லை.

ஆனால் இந்த நாட்டில் தண்ணீரில் முள் போடுவதற்கும் அட்டை வேண்டும். அட்டைக்கு விண்ணப்பம் வேண்டும். அதில் கண்ணின் நிறம் என்ன என்று ஒரு கட்டம் இருந்தது. கறுப்பு என்று எழுதினேன். கவுண்டரில் இருந்த பெண் எட்டி என் கண்ணுக்குள் பார்த்துவிட்டு, அதை அடித்துப் பழுப்பு என்று எழுதினாள். முப்பத்து நாலு வருடம் நம்பிக்கொண்டிருந்த ஒரு விஷயம் அரை நிமிடத்தில் மாறிப்போயிற்று. வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தேன். அவள் எழுதியதுதான் சரி.

2

இன்னொரு கவுண்டரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் மீனுக்கு வர முடியாது.

அது தொண்ணூற்றொன்று. நாங்கள் இங்கே நிரந்தரமாகத் தங்குவதற்கு விண்ணப்பித்திருந்த சமயம். பாஸ்போர்ட்டுகள் குடியேற்ற அலுவலகத்தில் இருந்தன. ஒரு காலையில் ஜாபர் எஸ்டிடி பூத்திலிருந்து கூப்பிட்டான்.

"அக்கா, அத்தாவ ஆஸ்பத்திரியில சேத்திருக்குது. மூச்சு வாங்குது. உன்னையத்தான் கேக்கறாரு. ஒடனே கெளம்பி வா."

"வாரேன்" என்றேன். அந்த ஒரு வார்த்தைதான். அதைச் சொல்லும்போது வந்துவிட முடியும் என்றுதான் நினைத்தேன்.

அலுவலகத்தில் சீட்டு எடுத்து வரிசையில் உட்கார்ந்தேன். தகப்பனாருக்கு உடம்பு சரியில்லை என்றேன். ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வேண்டும் என்றார்கள். ஜாபர் அலைந்து கடிதம் வாங்கி ஃபாக்ஸ் அனுப்பினான். அதில் முத்திரை தெளிவாக இல்லை என்றார்கள். மறுபடி அனுப்பினான். கோப்பு வேறு ஊருக்குப் போயிருக்கிறது, நாளைக்கு வரும் என்றார்கள். யாரும் கடுமையாகப் பேசவில்லை. எல்லாரும் சிரித்த முகமாக, வருத்தம் தெரிவித்துத்தான் சொன்னார்கள். நான் ஒவ்வொரு நாளும் ஜாபரிடம், "நாளைக்குக் கெடைச்சுரும்டா, வாங்குனதும் கெளம்பறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஒன்பதாவது நாள் அத்தா போய்விட்டார். அன்று சாயங்காலமே அடக்கம் செய்துவிட்டார்கள். பாஸ்போர்ட் அதற்கு அடுத்த நாள் கைக்கு வந்தது.

பிறகு இஸ்மாயிலுக்கு வேலை போனது, வேறு வேலை கிடைத்தது, சமீனா பள்ளிக்கூடம் சேர்ந்தாள். போகலாம் போகலாம் என்றே ஐந்து வருடம் ஓடியது. போன் செய்யும்போது எடுப்பது ஜாபராக இருந்தால், "அம்மாகிட்ட குடுக்கறேனுங்க" என்பான். அவ்வளவுதான்.

அந்த "ங்க" என்ன செய்யும் என்று நம் பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நாலு வயது இளையவன். என்னை நீ, வா, போ என்றே கூப்பிட்டு வளர்ந்தவன். கோபம் வந்தால் "ஏம் புள்ள" என்பவன். அவன் எனக்கு மரியாதை கொடுக்க ஆரம்பித்துவிட்டான்.

3

தொண்ணூற்றாறு டிசம்பரில், பள்ளி விடுமுறைக்கு, நானும் சமீனாவும் கோயமுத்தூர் வந்தோம். இஸ்மாயிலுக்கு லீவு கிடைக்கவில்லை. ஜாபர் விமான நிலையத்துக்கு வந்திருந்தான். "வாங்க்கா. பிரயாணமெல்லாம் நல்லா இருந்துச்சுங்களா?" என்றான். பெட்டியைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். ஒரு குறையும் வைக்கவில்லை. டவுன்ஹால் பக்கம் இருக்கும் எங்கள் பூட்டுக் கடைக்கு வருகிற வாடிக்கைக்காரர்களிடமும் அவன் இதேபோல்தான் பேசுவான்.

அம்மாவுக்கு இது எல்லாம் தெரியும். தெரியாத மாதிரி இருந்தாள். "கொஞ்ச நாள் போவட்டும் கண்ணு" என்று மட்டும் ஒருமுறை சொன்னாள்.

சமீனாவுக்குப் பதினொன்று. அவளுடைய தமிழ் என்னிடமும் இஸ்மாயிலிடமும் கேட்டது மட்டும். அதில் "ங்க" என்பதே இல்லை. வந்த முதல் நாள் என் பெரிய மாமனாரைப் பார்த்து, "நீ யாரு?" என்று கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டு விட்டுவிட்டார். நான் சமையலறைக்குள் இழுத்துப்போய்ச் சொல்லிக் கொடுத்தேன். மறுநாள் தெருவில் படுத்திருந்த நாயைப் பார்த்து, "எந்திரிங்க, வழி விடுங்க" என்றாள். தெருவே சிரித்தது.

ஜாபர் மட்டும் அவளைத் திருத்தவே இல்லை. "மாமா, நீ இங்க வா" என்பாள். கடையை விட்டு எழுந்து வருவான். அவளுடன் பேசும்போது மட்டும் பழைய ஜாபர் தெரிவான்.

நான் அவனுக்கு ஒரு தூண்டில் வாங்கிப்போயிருந்தேன். அவன் ஞாயிற்றுக்கிழமைகளில் மீன் பிடிக்கப் போகிறான் என்று அம்மா கடிதத்தில் எழுதியிருந்தாள். அத்தா போன பிறகு ஆரம்பித்த பழக்கமாம். எனக்கு அது ஆச்சரியமாக இருந்தது. எங்கள் வீட்டில் அதற்கு முன்னால் யாரும் தூண்டிலைத் தொட்டதில்லை. உலகத்தின் இரண்டு பக்கத்தில் இரண்டு பேரும், ஒருவர் சொல்லாமல் இன்னொருவர், கரையில் போய் உட்கார்ந்திருக்கிறோம். ரீல் வைத்த நல்ல தூண்டில் அது. கொடுத்தபோது, "எதுக்குங்க்கா இதெல்லாம்?" என்று வாங்கிப் பரண்மேல் வைத்தான். ஒரு வாரம் அது அட்டைப் பெட்டிக்குள்ளேயே இருந்தது.

அதை இறக்கியது சமீனா. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜாபர் மூங்கில் தூண்டிலோடு கிளம்பும்போது, நாற்காலி போட்டு ஏறி அதை எடுத்துக்கொண்டு வாசலில் போய் நின்றாள். "நானும் அம்மாவும் வரோம்" என்றாள்.

ஜாபர் என்னைப் பார்த்தான். "வெயிலுங்க்கா" என்றான்.

"எனக்குப் பழக்கந்தான்" என்றேன்.

4

சூலூரைத் தாண்டி உள்ளே போகும் பாதையில் அந்தக் குளம். ஐப்பசி மழையில் நிரம்பி, கரைவரை தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. குளத்தை அந்த வருடம் மீன் குத்தகைக்கு எடுத்திருந்தவர் பழனிசாமி அண்ணன். பக்கத்திலேயே அவருக்குத் தென்னந்தோப்பும் பத்துத் தறியும் இருந்தன. தறிக்கூடத்துக்குப் பூட்டு வாங்க வந்து ஜாபருக்குப் பழக்கமானவர்.

"ஏனுங் பாய், இன்னைக்குப் படையோட வந்திருக்கறீங்க!" என்று தோப்பிலிருந்தே குரல் கொடுத்தார். என்னைப் பார்த்து, "வாங்க அம்மணி. வெளிநாட்டுல இருக்கற அக்கா நீங்கதானுங்களா? பாய் சொல்லியிருக்காருங்க" என்றார்.

என்ன சொல்லியிருப்பான் என்று யோசித்தேன்.

சமீனாவுக்கு ஒரே கவலை. "அம்மா, இங்க லைசென்ஸ் வேணாமா? ஆபீசர் வந்தா?"

அதை நான் ஜாபரிடம் சொல்லவில்லை. அவள் சொன்னதே அவனுக்குக் கேட்டிருந்தது. "இவருதான் ஆபீசர்" என்று பழனிசாமி அண்ணனைக் காட்டினான். "சரின்னுபோட்டாரு."

கடலைப் புண்ணாக்கையும் மைதாவையும் பிசைந்த உருண்டைதான் இரை. ஜாபர் ஒரு பக்கம் மூங்கிலோடு உட்கார்ந்தான். இருபது அடி தள்ளி நான் ரீலோடு உட்கார்ந்தேன். நடுவில் சமீனா. வழியில் வாங்கி வந்த இட்லியைச் சாப்பிட்டோம். ஜாபருக்கு இரண்டு ஜிலேபிக் கெண்டை விழுந்தது. எனக்கு ஒன்றும் இல்லை. விமானப்படை விமானம் ஒன்று தலைக்கு மேல் இரண்டு தடவை வட்டமடித்துப் போனது. பத்தரை மணி இருக்கும். எழுந்து போய்விடலாமா என்று நினைத்துக்கொண்டு நரம்பைச் சுற்ற ஆரம்பித்தேன்.

ரீல் சுற்றவில்லை. அடியில் வேரில் மாட்டிக்கொண்டது என்று நினைத்தேன். லேசாகச் சுண்டினேன். அந்த வேர் நகர்ந்தது.

அப்புறம் ரீல் கத்த ஆரம்பித்தது. நரம்பு குளத்தின் நடுவை நோக்கி ஓடிக்கொண்டே இருந்தது. கம்பு வளைந்து நுனி தண்ணீரைத் தொட்டது. ஏழு வருடம் ஏரிக்கரையில் உட்கார்ந்திருக்கிறேன், இந்த மாதிரி ஒரு இழுப்பை என் கை அறிந்ததில்லை. எழுந்து நின்றேன். செருப்பு சேற்றில் மாட்டி ஒரு கால் வழுக்கியது.

"அக்கா!" ஜாபர் மூங்கிலைப் போட்டுவிட்டு ஓடி வந்தான். "இழு! இழு புள்ள! உட்றாத!"

"இழுத்தா அறுந்துரும்டா! போவட்டும், உடு!"

"உட்டா போயே போயிரும்! குடு இங்க!"

"தொடாதடா கம்ப!"

கையை நீட்டியவன் அப்படியே நிறுத்திக்கொண்டான். நான் பிடித்திருக்கும் விதத்தைப் பார்த்தான். மீன் ஓடினால் நரம்பு விட்டேன். நின்றால் சுற்றினேன். கரையோரமாக அது போன பக்கமெல்லாம் நான் நடந்தேன். அவன் எனக்கு முன்னால் கல்லையும் முள்ளையும் காலால் தள்ளிக்கொண்டே வந்தான். "பாத்து, பள்ளம். இந்தப் பக்கம் கால வை. சித்த நில்லு. இப்ப சுத்து, சுத்து." மூங்கில் தூண்டிலில் நாலு கிலோவுக்கு மேல் பார்த்திராதவன் எனக்கு யோசனை சொல்லிக்கொண்டே இருந்தான். பாதி யோசனை தப்பு. ஒன்றையும் மறுக்க எனக்கு மனசில்லை.

முக்கால் மணி நேரம். தோளெல்லாம் தீப்பிடித்த மாதிரி இருந்தது. பழனிசாமி அண்ணன் ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். தறிக்கூடத்தில் இருந்தவர்கள் கரையேறி நின்றார்கள். முதல் தடவை அது மேலே வந்து புரண்டபோது அகலமான தலையும் செதில் பளபளப்பும் தெரிந்தன. கரை முழுக்க ஒரு சத்தம் எழுந்தது.

"கட்லாவுங்கோ!" என்றார் பழனிசாமி அண்ணன். "குஞ்சு உட்டு நாலு வருசமாச்சுங்க. எத்தனை வலைக்குத் தப்பிச்சதோ!"

ஜாபர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினான். மூன்று தடவை கைக்கு வந்து மூன்று தடவையும் அவனைத் தள்ளிவிட்டுப் போனது. நாலாவது தடவை இரண்டு கையாலும் குழந்தையை அணைப்பதுபோல அணைத்தான். மீனும் அவனுமாகத் தண்ணீருக்குள் விழுந்தார்கள். எழுந்தபோது மீன் அவன் நெஞ்சோடு இருந்தது. பழனிசாமி அண்ணன் சாக்கைப் போட்டு மூட, எல்லாருமாகக் கரைக்கு இழுத்தோம்.

தறிக்கூடத்தில் நூல் எடை போடும் தராசில் வைத்தார்கள். பதிமூன்றரை கிலோ. அப்போதுதான் சமீனா அந்தப் படத்தை எடுத்தாள். பழனிசாமி அண்ணன் மீனை வைத்துக்கொள்ளச் சம்மதிக்கவில்லை. "அம்மணி புடிச்சதுங்க. நான் வெச்சுக்கிட்டா அது எனக்குச் செரிக்காதுங்க" என்றார். ஜாபர் பிடித்த இரண்டு ஜிலேபியை மட்டும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார்.

5

தோப்பு நிழலில் டீ கொடுத்தார்கள். ஜாபர் கிணற்றடியில் சேறு கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தான். கம்பைப் பிடித்துப் பிடித்து என் விரல்கள் மடங்கவே இல்லை, டம்ளரை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத்தான் குடிக்க வேண்டியிருந்தது. அவன் அதைப் பார்த்துச் சிரித்தான். நானும் சிரித்தேன்.

சமீனா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "மாமா, நீ எல்லார்கிட்டயும் நல்லா பேசற. அம்மாகிட்ட மட்டும் ஏன் கடைக்காரர் மாதிரி பேசற? இப்பத்தான் நீன்னு சொன்ன."

அவள் வாயை மூட எனக்குத் தோன்றவில்லை. ஜாபர் டம்ளரைக் கீழே வைத்தான். பிறகு அவளை, இளநீர் வெட்டுவதைப் பார்த்துவிட்டு வா என்று அனுப்பினான்.

"அத்தா உன்னைய விடாம கேட்டாரு" என்றான். என்னைப் பார்க்கவில்லை. "நீ நாளைக்கி நாளைக்கின்ன. அவருகிட்டப் போயி நாளைக்கின்னு எத்தன நாளு சொல்றது? கெளம்பிட்டான்னு சொல்லிப்போட்டேன். மறுநாளு ப்ளேன்ல இருக்கறான்னேன். அப்பறம் பம்பாய் வந்துட்டா. மெட்ராஸ் வந்துட்டா. அவருக்குத்தான் எல்லா ரயிலும் மனப்பாடமாச்சே. எந்த வண்டின்னு கேப்பாரு. அதுக்கும் ஒண்ணு சொல்லோணும். கடைசி நாளு காத்தால ஈரோடு தாண்டிட்டான்னேன். பத்து மணிக்கு, திருப்பூருன்னேன். மத்தியானம் கண்ணத் தொறந்து, இப்ப எங்க வாரான்னாரு."

ஈரத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"சூலூர் வந்துட்டாங்கத்தா, இன்னும் அர மணி நேரந்தான்னேன். சோறாக்கச் சொல்லுடா, பசியோட வருவான்னாரு. அதுதான் கடைசி."

தோப்பில் அரிவாள் இளநீரைச் சீவும் சத்தம் கேட்டது.

"சாவக் கெடக்கற மனுசன்கிட்ட ஒம்பது நாளு பொய் சொல்லியிருக்கறேன்க்கா. உன்மேல கோவமா, எம்மேல கோவமான்னே எனக்குத் தெரியல. உன்னையப் பாத்தா அந்தப் பொய்தான் நெனப்புக்கு வருது. யாருகிட்டயும் சொன்னதில்ல. அம்மாளுக்குக்கூடத் தெரியாது."

முத்திரை, கோப்பு, கடிதம் என்று ஐந்து வருடமாக நான் மனதுக்குள் அடுக்கி வைத்திருந்த விளக்கங்கள் நிறைய இருந்தன. எல்லாம் உண்மைதான். ஆனால் இதற்குப் பதில் அதுவல்ல.

"அத்தா நம்புனாராடா?" என்று கேட்டேன்.

"நம்புனாரு" என்றான். "சிரிச்சாரு."

அப்போதுதான் அழுதேன். அவன் ஈரத் துண்டை எடுத்துக் கொடுத்தான். அதில் மீன் வாடை அடித்தது. என் அத்தா நான் வந்துகொண்டிருக்கிறேன் என்ற நிம்மதியில் கண்ணை மூடியிருக்கிறார். அதை இவன் செய்து கொடுத்திருக்கிறான், தனியாகச் சுமந்துமிருக்கிறான். "நீ செஞ்சது பொய் இல்லடா" என்றேன். அவன் தலையை ஆட்டினான். ஒத்துக்கொண்டான் என்று சொல்ல முடியாது. ஆனால் எழுந்தபோது கை கொடுத்து என்னைத் தூக்கிவிட்டான்.

மீனைச் சாக்கில் சுற்றி, நாங்கள் வந்த கடை வேனின் பின்னால் போட்டோம். சமீனா காலைத் தூக்கி வைத்துக்கொண்டு அதைப் பார்த்தபடியே வந்தாள். சூலூர் பஸ் நிறுத்தத்தைத் தாண்டும்போது ஜாபர் வேகத்தைக் குறைத்தான். ஒண்டிப்புதூர் போயிற்று, சிங்காநல்லூர் போயிற்று. ராமநாதபுரத்தில் நெரிசல். மீனுக்கு இஞ்சி வாங்க வேண்டும் என்றான். தலையைக் குழம்புக்கும் நடுத்துண்டை வறுவலுக்கும் வைக்கச் சொன்னேன். பக்கத்து வீடுகளுக்கு எத்தனை துண்டு போகும் என்று இரண்டு பேரும் கணக்குப் போட்டுச் சண்டை பிடித்தோம்.

கோட்டைமேட்டில் எங்கள் சந்துக்குள் வேன் நுழையாது. முனையில் நிறுத்திவிட்டு ஜாபர் மீனைத் தோளில் போட்டுக்கொண்டான். நான் பின்னால் நடந்தேன். வாசற்படியில் ஏறியவன் உள்ளே போகாமல் நின்றான். நான் வந்து பக்கத்தில் நிற்கிற வரைக்கும் நின்றான். பிறகு உள்ளே பார்த்துச் சத்தமாகச் சொன்னான்:

"அம்மா, அக்கா வந்துட்டா!"

அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அதென்னடா கூப்பாடு?" என்றாள். "காத்தால உங்கூடத்தானடா போனா!"